பிள்ளைக்குக் கட்டி என்றால் எந்த ஸ்கேன், எப்போது, எதற்கு? கடலூர், புதுவைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு வரும் பெற்றோர், ஸ்கேன் அறை வாசலில் கேட்கும் கேள்விகள் இவை. அந்த அறைக்குள் வேலை பார்ப்பதால் தினமும் காதில் விழுகின்றன. அங்கே நின்று நிதானமாகப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பதற்றத்தில் நான்கு இடங்களில் நான்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு, கையில் இருந்த பணத்தையெல்லாம் கரைத்துவிட்டு வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. சரியான ஸ்கேனை, சரியான வரிசையில், வைத்தியம் பார்க்கப்போகும் டாக்டர் சொல்லி எடுப்பதே பிள்ளைக்கு நல்லது.

வயிற்றில் கட்டி என்று அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. புற்றுநோய் என்று முடிவாகிவிட்டதா?

இல்லை. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எந்த உறுப்பிலிருந்து கிளம்பியிருக்கிறது என்பதைப் படம் காட்டும். அது என்ன நோய் என்பதைப் பெரும்பாலும் பயாப்ஸிதான், அதாவது துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனைதான், உறுதி செய்யும்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. கண்ணுக்குள் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு ஊசி குத்திச் சதை எடுக்கக் கூடாது, நோய் வெளியே பரவிவிடும். மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பரிசோதிப்பதும் ஸ்கேனும் சேர்ந்தே அங்கே முடிவு சொல்லும். சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியிலும் வயதும் படமும் பொருந்தி வந்தால், பயாப்ஸி இல்லாமலேயே கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை, தொடங்கும் முறை ஒன்று இருக்கிறது. முதலில் அறுவை சிகிச்சை செய்யும் முறையும் இருக்கிறது. இரண்டுமே உலகம் முழுக்க நல்ல பலன் தந்தவைதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை டாக்டர்களிடம் விடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வயிற்றில் கட்டி இருக்கும் பிள்ளையின் வயிற்றைப் பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். வில்ம்ஸ் கட்டி உள்ளேயே கிழிந்தால் நோயின் நிலை (எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கணக்கு) மூன்றுக்கு ஏறிவிடும், சிகிச்சையும் கடுமையாகும்.

எந்த அறிகுறிக்கு எந்த ஸ்கேன் முதலில்?

வயிறு வீங்கினால் முதலில் அல்ட்ராசவுண்டு. கதிர்வீச்சு இல்லை, மயக்கம் வேண்டாம், கடலூரிலேயே எடுத்துவிடலாம். அதிலேயே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில், சிறுநீரகத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய்க்குள் கட்டி நுழைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இது அறுவை சிகிச்சை செய்பவருக்கு மிக முக்கியமான செய்தி. அதற்குப் பிறகுதான் சிடி அல்லது எம்ஆர்ஐ.

காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண், தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருப்பது: இவை இருந்தால் மூளையைப் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐதான் சிறந்தது. பிள்ளை மயங்கி மயங்கி விழுகிறது, மூளையில் நீர் கோத்திருக்கலாம் என்ற அவசரத்தில் முதலில் சிடி எடுப்பது சரியான முடிவே. சிடி சில நொடிகளில் முடிந்துவிடும், எம்ஆர்ஐக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முழங்கால் பக்கத்தில் வலி, ராத்திரியிலும் வலி, வீக்கம் குறையவே இல்லை என்றால் சாதாரண எக்ஸ்ரே போதும், அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். விளையாடும்போது அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டு கட்டி, மாதக்கணக்கில் கழித்துவிட்டு வரும் வளரிளம் பிள்ளைகளை நினைத்தால் தாங்கவில்லை. நீவுவதற்கு முன்னால் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதில் சந்தேகம் வந்தால் அந்த எலும்பு முழுவதையும் மூட்டோடு சேர்த்து எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் சில நேரம் அதே எலும்பில் இடைவெளி விட்டு இன்னோர் இடத்திலும் முளைத்திருக்கும். எம்ஆர்ஐ முடிந்த பிறகே பயாப்ஸி. ஊசி போட்ட இடத்தில் கசியும் ரத்தம் படத்தைக் குழப்பும். அந்தப் பயாப்ஸியையும், பின்னால் அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவே செய்வது நல்லது. ஊசி போன வழியையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

போட்டோவில் பிள்ளையின் கருவிழி வெள்ளையாக மின்னினால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கடலூர்–புதுவைச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ரெட்டினோபிளாஸ்டோமா என்று சந்தேகம் இருந்தால் சிடியைத் தவிர்த்து எம்ஆர்ஐ எடுப்பார்கள். சிடியில் கதிர்வீச்சு உண்டு; இந்த நோயோடு தொடர்புடைய ஆர்பி1 மரபணுவில் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சால் பின்னாளில் வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

கழுத்தில் நெறிக்கட்டி நாள்பட்டு இருந்தால் மார்பு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு, அப்புறம் பயாப்ஸி. நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால் பயாப்ஸி இல்லாமலே காசநோய் மாத்திரை ஆரம்பித்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. "ஒரு பயாப்ஸி பார்த்துவிடலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் ஆபத்து. லிம்போமாவும் (நெறிக்கட்டியில் வரும் புற்றுநோய்) ரத்தப் புற்றுநோயும் தற்காலிகமாகச் சுருங்கி, என்ன நோய் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

ரத்தப் புற்றுநோய்க்கு என்ன ஸ்கேன்?

ரத்தப் பரிசோதனையும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும்தான் அதைக் கண்டுபிடிக்கும். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள், நெஞ்சுக்கூட்டுக்குள் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க. குழந்தைப் புற்றுநோய்களில் அதிகம் வருவது இதுதான் என்பதால் சொல்கிறேன்: எல்லாப் பிள்ளைக்கும் பெட் ஸ்கேன் (ஊசியில் மருந்து செலுத்தி உடம்பில் நோயைத் தேடும் ஸ்கேன்) தேவைப்படாது. யாரோ சொன்னார்கள் என்று கேட்டு வாங்க வேண்டாம்.

கட்டிதான் தெரிந்துவிட்டதே. மறுபடி மார்பு சிடி, எலும்பு ஸ்கேன் எல்லாம் எதற்கு?

முதல் ஸ்கேன் கட்டியைக் காட்டியது. அடுத்தவை, அது வேறெங்கும் போயிருக்கிறதா என்று தேடுகின்றன. எத்தனை சுற்று கீமோ, கதிர்வீச்சு சிகிச்சை வேண்டுமா, அறுவை சிகிச்சை முதலிலா கடைசியிலா என்ற முடிவுகள் எல்லாம் அதை வைத்துத்தான். இதைத் தாண்டிப் போனால் பிள்ளைக்குத் தேவைக்குக் குறைவான மருந்து போய் நோய் திரும்பலாம், இல்லை தேவைக்கு அதிகமான மருந்து போய் வாழ்நாள் முழுக்கப் பக்கவிளைவு நிற்கலாம். இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயம் இதுதான்.

எங்கே தேடுவது என்பது நோய்க்கு நோய் மாறும். வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும், அதனால் மார்பு சிடி. எதிர்ப்பக்கச் சிறுநீரகத்தையும் கவனமாகப் பார்ப்பார்கள், இரண்டிலும் இருந்தால் அது ஐந்தாம் நிலை. ஆஸ்டியோசார்கோமாவும் நுரையீரலைத் தேடித்தான் போகும். நுரையீரலில் சின்னப் புள்ளி தெரிந்தாலே அது பரவிய நோய் என்று அர்த்தமில்லை. பழைய காசநோய்த் தழும்பும் அப்படித் தெரியும். பரவியதாகவே இருந்தாலும் அறுவை சிகிச்சையில் அந்தப் புள்ளிகளை எடுத்துக் குணமான பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூளையின் பின்பகுதியில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, மூளைநீர் வழியாக முதுகுத்தண்டுக்கு இறங்கும். அதனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே முதுகு முழுவதையும் எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. பிறகு எடுத்தால் அறுவை சிகிச்சையில் கசிந்த ரத்தம் நோய் போலவே தெரியும். மூளையில் எவ்வளவு கட்டி மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் எம்ஆர்ஐ அறுவை சிகிச்சை முடிந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள். "நேற்றுதானே ஆபரேஷன், பிள்ளையை ஏன் அலைக்கழிக்கிறீர்கள்" என்று அம்மாக்கள் அழுவார்கள். அழுகை நியாயம்தான். அந்த நேரம் தவறினால் ஆறும் புண்ணும் மிச்சக் கட்டியும் படத்தில் ஒன்றாகக் கலந்துவிடும்.

நரம்புச் செல்களிலிருந்து கிளம்பும் நியூரோபிளாஸ்டோமாவில் படத்துக்குத் தனி இடம் உண்டு. அந்தக் கட்டி பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா, முதுகுத்தண்டுக்குள் நுழைந்திருக்கிறதா என்ற அபாயக் குறிகளைப் படத்தில் தேடி, இல்லாவிட்டால் எல்1, இருந்தால் எல்2 என்று பிரிப்பார்கள். தூரத்துக்குப் பரவியிருந்தால் எம். ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தோல், கல்லீரல், கொஞ்சம் எலும்பு மஜ்ஜை என்ற அளவில் மட்டும் பரவியிருந்தால் எம்எஸ். பரவிய நோய் என்று பெயர் இருந்தாலும் இந்த எம்எஸ் சில குழந்தைகளுக்குத் தானாகவே கரைந்துபோகும்.

கல்லீரலில் வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமாவுக்கு, கல்லீரலை நான்கு பகுதியாகப் பிரித்து எத்தனை பகுதி கட்டி இல்லாமல் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

நான்காம் நிலை என்கிறார்கள். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. பெரியவர்களின் நுரையீரல், வயிற்றுப் புற்றுநோயில் கேட்ட கதையைப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா நான்காம் நிலையில் வந்தும் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிறார்கள். நுரையீரலுக்குப் பரவிய வில்ம்ஸ் கட்டியிலும் நிறையப் பேர் பிழைக்கிறார்கள். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். உலக அளவில் 2030-க்குள் இதைக் குறைந்தது 60 சதவீதமாக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. சிகிச்சையைப் பாதியில் விடுவது குணமாகாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம். நிலையைக் கேட்ட அன்றே வீட்டுக்குத் திரும்பிப் போய்விடாதீர்கள்.

இத்தனை ஸ்கேன் எடுத்தால் அந்தக் கதிர்வீச்சே புற்றுநோய் தராதா?

அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் கதிர்வீச்சே கிடையாது. எக்ஸ்ரே, சிடி, பெட், எலும்பு ஸ்கேன் ஆகியவற்றில் உண்டு. மண்ணிலும் காற்றிலும் வானத்திலும் இருந்து ஒரு மனிதருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) இயற்கையாகவே கிடைக்கிறது. மார்பு எக்ஸ்ரே அதில் சில நாள் அளவுதான். குழந்தைக்கு ஏற்றபடி குறைத்து எடுக்கும் சிடி, வருஷக்கணக்கில் எண்ண வேண்டிய அளவு.

ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் சிடி எடுத்த லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2023-ல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, பத்தாயிரம் பிள்ளைகளுக்குச் சிடி எடுத்தால் பன்னிரண்டு ஆண்டுக்குள் ஒருவர் அல்லது இருவருக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வரலாம். வயிற்றில் நிஜமாகவே கட்டி இருக்கும் பிள்ளைக்கு இது மிகச் சின்ன ஆபத்து, சிடி தரும் செய்தி மிகப் பெரியது. சாதாரணத் தலைவலிக்கோ வயிற்று வலிக்கோ தேவையில்லாமல் எடுக்கும் சிடிக்குத்தான் யோசிக்க வேண்டும். நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு: "இதையே அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோ பார்க்க முடியாதா?", "குழந்தை அளவுக்கு டோஸைக் குறைத்துத்தானே எடுக்கிறீர்கள்?" இப்படிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்பது உங்கள் உரிமை.

எம்ஆர்ஐக்கு மயக்க மருந்து தருவார்களாமே, பயமாக இருக்கிறது.

எம்ஆர்ஐ மெஷின் சத்தம் போடும், பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளால் முடியாது. சில மாதக் கைக்குழந்தை என்றால் பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றித் தூங்க வைத்தே எடுத்துவிடலாம். உங்கள் வீட்டுப் பழைய பருத்திப் புடவையைக் கொண்டு வாருங்கள், அந்த வாசனையில் நன்றாகத் தூங்கும். சரிகை இல்லாத புடவையாக இருக்கட்டும், சரிகையில் உலோகம் இருந்தால் சூடாகும். ஒரு வயதுக்கு மேல் ஐந்தாறு வயது வரை பெரும்பாலும் மயக்கம் வேண்டியிருக்கும்.

வெறும் வயிறு எதற்கு என்றால், மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். பொதுவான கணக்கு: சோறு, இட்லி, பசும்பால் 6 மணி நேரம் முன்பு, தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம்தான் இறுதி. பிள்ளை அழுகிறதே என்று ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தேதிதான் தள்ளிப்போகும்.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறது, முகம் உப்பியிருக்கிறது என்றால் டாக்டரிடம், மயக்க மருத்துவரிடம், ஸ்கேன் அறையில் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். நெஞ்சுக்குள் கட்டி இருக்கும் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் அமுங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஒரு மார்பு எக்ஸ்ரே பார்த்தே ஆக வேண்டும்.

எம்ஆர்ஐ அறைக்குள் எதைக் கழற்ற வேண்டும்?

வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு, தோடு, தகடு வைத்த தாயத்து, சேஃப்டி பின். கூட வரும் அம்மாவின் தாலிச்சங்கிலி, மெட்டியும் சேர்த்து. தாயத்தைக் கழற்ற மனசு வரவில்லை என்றால் வெளியே நிற்கும் பாட்டி கையில் கொடுத்துவையுங்கள், முடிந்ததும் கட்டிவிடலாம். திருநீறு இருக்கலாம். கண்மை வேண்டாம், சில மையில் உலோகத் துகள் இருப்பதால் கண்ணைச் சுற்றிப் படம் கெட்டுப்போகும்.

கான்ட்ராஸ்ட் ஊசி அவசியமா? பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது.

கான்ட்ராஸ்ட் என்பது படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து. ரத்தக்குழாய்களையும் கட்டியின் எல்லையையும் பிரித்துக் காட்ட அது பெரும்பாலும் வேண்டும். போடும் முன் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. முன்பு இதே ஊசி போட்டுத் தடிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பெட் சிடிக்கு எப்படித் தயாராவது?

நோய்ச் செல்கள் சர்க்கரையை வேகமாக உறிஞ்சும். அதனால் கதிர்வீச்சுப் பொருள் சேர்த்த சர்க்கரையை ஊசியில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று படம் எடுப்பார்கள். ஆகவே 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, இளநீர், குளுக்கோஸ், மிட்டாய் எதுவும் கூடாது, தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். (மயக்கம் கொடுப்பதாக இருந்தால் தண்ணீருக்கும் நேரக் கணக்கு உண்டு.) பிள்ளையை ஓடியாட விடாதீர்கள், தசைகளும் சர்க்கரையை இழுக்கும். ஏசி குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கக் கொழுப்பும் இழுக்கும், ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். அந்த மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்று சாயங்காலம் வரை கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கொஞ்சம் விலகி இருக்கட்டும். மறுநாள் வழக்கம்போல மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. காசநோயும், சளிக் காய்ச்சலும், வெள்ளணுவை ஏற்றப் போட்ட ஊசியின் விளைவும் ஒளிரும். புதிதாக ஓர் இடம் ஒளிர்ந்தால் முடிவு கட்டும் முன் பயாப்ஸி கேட்பார்கள், அது சரிதான்.

நியூரோபிளாஸ்டோமாவுக்கு எம்ஐபிஜி என்று வேறொரு ஸ்கேன். அதில் கதிர்வீச்சுள்ள அயோடின் இருப்பதால், முன்பிருந்தே தைராய்டைக் காக்கச் சாதாரண அயோடின் சொட்டு தருவார்கள், ஒருவேளைகூட விட்டுவிடாதீர்கள்.

கீமோ நடுவில் எதற்கு மறுபடி ஸ்கேன்?

மருந்து கேட்கிறதா என்று பார்க்க. ஹாட்ஜ்கினில் பெட் படத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 2009-ல் பிரான்சின் டோவில் நகரில் கூடிப் பேசி உருவாக்கியதால் டோவில் மதிப்பெண் என்று பெயர். மதிப்பெண் நன்றாக வந்தால் சில பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சையையே தவிர்த்துவிடலாம். பள்ளிக்கூட மார்க் போல இல்லை, இதில் குறைவாக வந்தால்தான் நல்லது.

கீமோ முடிந்த சில மாதங்களில் நெஞ்சில் தைமஸ் சுரப்பி மறுபடி வளர்ந்து படத்தில் பெரிதாகத் தெரியலாம். அது உடம்பு தேறுவதன் அடையாளம். ரிப்போர்ட்டை நீங்களே படித்து நோய் திரும்பிவிட்டது என்று ராத்திரி முழுக்க அழாதீர்கள், டாக்டரைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

கடலூரில் எடுத்த ஸ்கேனைப் புதுச்சேரியில் ஏற்பார்களா?

நன்றாக எடுத்திருந்தால் ஏற்பார்கள். தாளில் உள்ள ரிப்போர்ட்டும் ஃபிலிமும் மட்டும் போதாது. முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான், கட்டியை அளக்க முழுத் தொகுப்பும் வேண்டும். கான்ட்ராஸ்ட் இல்லாமலோ பாதி வயிறு மட்டுமோ எடுத்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும். அதனால்தான் சொல்கிறேன்: அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்தால், சிடியைக் கடலூரில் அவசரமாக எடுக்காமல் நேராகக் கோரிமேட்டு ஜிப்மருக்கோ, பிள்ளைகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் வேறு மருத்துவமனைக்கோ வந்துவிடுங்கள். ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமும் அணு மருத்துவத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சென்னை அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களும் உண்டு.

இன்னொன்று, நம் கடற்கரை ஊர்களுக்கே உரிய விஷயம். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். தரையில் வைத்த டிரங்குப் பெட்டியில் தண்ணீர் புகுந்தால் ரிப்போர்ட் எல்லாம் கூழாகிவிடும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். ரிப்போர்ட்டையும் பயாப்ஸி முடிவையும் போனில் படம் எடுத்து, ஊரிலிருக்கும் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

செலவுக்கு?

கடலூர்க் குடும்பங்களுக்குத் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், புதுவைக் குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத். எந்த மருத்துவமனையில் எந்த ஸ்கேன் அதில் சேரும் என்பதை, ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும், எடுத்த பிறகு கேட்டால் பணம் திரும்பாது. ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் அசலும் நகலுமாக வைத்திருங்கள். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோய் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சான்றை மருத்துவமனையில் வாங்க வேண்டும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

உண்மையை, அதன் வயதுக்கு ஏற்றபடி. "ஒரு ஊசி இருக்கு, கொஞ்சம் வலிக்கும். அப்புறம் மெஷின் டமடமன்னு சத்தம் போடும், வலிக்காது. நான் பக்கத்துலயே இருப்பேன்." இவ்வளவு போதும். ஊசியே இல்லை என்று சொல்லி அழைத்து வந்தால் அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே பிள்ளை அலறும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாம் தாழ்வாரத்தில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மறைத்தால் தனியாகப் பயப்படுவார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு எத்தனை காலம் ஸ்கேன்?

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் என்பதால் அப்போது அடிக்கடி இருக்கும், பிறகு இடைவெளி கூடும். முடிந்த இடங்களில் சிடிக்குப் பதில் மார்பு எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் வைத்தே பார்ப்பார்கள். பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று இந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து போட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு ஸ்கேன் வாழ்நாள் முழுக்கத் தொடரும்: எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்டு. அந்த மருந்து இதயத் தசையைப் பல ஆண்டுகள் கழித்தும் பலவீனப்படுத்தலாம். மொத்தம் எவ்வளவு மருந்து போனது, நெஞ்சுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பதை எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வையுங்கள். படிப்புக்கு, வேலைக்கு என்று சென்னையோ பெங்களூரோ போகும்போது அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ என்பதை அங்குள்ள டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.